துண்டுத் துணியை அடுக்குவதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிஞ்சிய துண்டுத் துணிகளில் போர்வை தைப்பது பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். 28 ஆண்டுகளாக வீட்டு வாசலில் மெஷின் போட்டுத் தைத்து வருகிறேன். கட்டுரையில் வெட்டுவதும் தைப்பதும் விளக்கமாக இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே அடுக்கிவைக்கும் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதிதாகத் தைப்பவர்கள் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

என் முதல் போர்வையும் அங்கேதான் நின்றது. மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, அம்மா உடுத்திய சுங்குடிப் புடவைகளில் நைந்த இடங்களை விலக்கி, ஆறரை அங்குலச் சதுரங்களாக 150 வெட்டினேன். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போனால் ஆறு நிற்கும். அகலத்தில் 10, நீளத்தில் 15 வைத்தால் ஐந்தடிக்கு ஏழரை அடி. கூடத்தில் பரப்பி, கருநீலத்தை ஒட்டி அரக்கு, அடுத்து மாம்பழ மஞ்சள் என்று ஒரு மதியம் முழுவதும் மாற்றி மாற்றி வைத்தேன். மனத்துக்குப் பிடித்தபடி அமைந்ததும் மொத்தமாக அள்ளிப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள் எது எந்த வரிசை என்று தெரியவில்லை. பை எட்டு மாதம் பீரோவின் மேல் கிடந்தது. பேத்தி பிறந்து குப்புற விழவும் தொடங்கிவிட்டாள். பிறகு தைத்து முடித்தேன். ஆனால் அம்மாவின் புடவைகள் அன்று அமைந்த அந்த அழகு திரும்பக் கிடைக்கவில்லை.

இப்போது பரப்பியவுடன் ஒவ்வொரு வரிசையையும், இடது கோடித் துண்டு மேலே வரும்படி அடுக்குகிறேன். ஊசியில் நீள நூல் கோத்து, நுனியில் ஒரு பழைய பட்டனை முடிந்து, அடியிலிருந்து நடுவே குத்தி மேலே எடுக்கிறேன். வரிசை எண்ணும் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று அதே நூலில் ஏறும். மேலே முடிச்சு வேண்டாம். தைக்கத் தைக்க ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். குண்டூசி குத்திவைக்கக் கூடாது. ஐப்பசி மழையில் துருவேறி வெள்ளைத் துணியில் விழுந்த கறை இன்றுவரை போகவில்லை. சாக்கட்டியில் எழுதியதோ நான்கு முறை கைபட்டால் அழிந்துவிடும்.

இன்னொன்று. கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் வெட்டலாம் என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். பனியன் துணி இழுபடும். நெசவுத் துணியோடு சேர்த்தால் தையல் நெளியும். சந்தேகமான துணியில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணிபோல் கெட்டியாகும். சிவப்பையும் கருநீலத்தையும் வெட்டும் முன்பே நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிறே இவற்றை வெளியிட வேண்டுகிறேன். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு துணி சேர்த்து வருகிறார்கள். இன்னும் வெட்டத் தொடங்கவில்லை.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
திண்டுக்கல்.