வஸ்கமுவக் கல்விச் சுற்றுலா: தரம் 10 பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இரண்டாந் தவணைப் பரீட்சை முடிந்த வார இறுதியில் தரம் 10 மாணவர்களை வஸ்கமுவ தேசிய பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்துள்ளோம். சென்ற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், ஒரே நாளில் போய்வர முடியாதா, பிள்ளைகள் ஏன் வெளியிடத்தில் இரவு தங்க வேண்டும் என்று பலர் கேட்டீர்கள். அன்று நேரமில்லாமல் சுருக்கமாகப் பதில் சொன்னதால், இப்போது விரிவாக எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து கண்டிக்கு வந்து, ஹுன்னஸ்கிரிய, ஹசலக்கை வழியாகப் பூங்காவை அடைய, இடையில் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். யானையும் கரடியும் வெயில் ஏறிய பிறகு காட்டுக்குள் ஒதுங்கிவிடும். காலையிலும் மாலையிலும்தான் அவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரே நாளில் திரும்புவதானால் நள்ளிரவில் புறப்பட்டு, ஹசலக்கைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளை இருட்டில் கடக்க நேரிடும். தூக்கக் கலக்கத்திலுள்ள சாரதியை நம்பி உங்கள் பிள்ளைகளை அந்தப் பாதையில் இறக்க நான் உடன்படமாட்டேன். முதல் நாள் விடிந்தபின் புறப்பட்டு, ஹசலக்கைப் பகுதியில் தங்கி, மறுநாள் காலையில் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே பாதுகாப்பானது. தங்குவதற்கு அங்குள்ள ஒரு பாடசாலையின் மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். மாணவியருக்குத் தனி அறையும் ஆசிரியைகளின் துணையும் உண்டு. தாய்மார் இருவர் உடன்வர விரும்பினால் இன்னும் நல்லது.

அருகில் வேறு இடமே இல்லையா என்ற கேள்வியும் எழுந்தது. இருக்கின்றன; ஆனால் வஸ்கமுவ நம் தண்ணீர் போய்ச் சேரும் இடம். நம் ஊரைத் தொட்டு ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் அந்த நீரின் ஒரு பங்கு சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திருப்பப்பட்டு அம்பன் கங்கைக்குச் செல்கிறது. மீதி விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைக் கடந்து கீழே இறங்குகிறது. பூங்காவின் கிழக்கெல்லை மகாவலி, மேற்கெல்லை அம்பன் கங்கை. மகாவலி அபிவிருத்தித் திட்டத்துக்காகக் காடுகள் அழிக்கப்பட்டபோது இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவே இது 1984இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அணைக்கட்டுகளைப் புவியியல் பாடத்தில் படமாக வரையும் பிள்ளைகள், அவற்றுக்காக வழிவிட்ட உயிர்களையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். இங்கே ஓடையில் இறங்கி விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு அகன்ற மகாவலியைக் கண்டவுடன் குளிக்கத் தோன்றும். அந்த ஆற்றில் முதலைகள் உண்டு. எவரும் நீரில் இறங்கக் கூடாது. பூங்காவுக்குள் ஜீப் வண்டிகளில் செல்வோம். அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்க முடியாது. மலேரியா பற்றிக் கேட்ட பெரியவருக்கு: இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்துவிட்டது. ஆயினும் நுளம்புக்கடியைத் தவிர்க்க நீண்ட கை சட்டை அவசியம். நம் குளிருக்குப் பழகியவர்களை அங்குள்ள வெயில் சோர்வாக்கும் என்பதால் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வேண்டும். பொலித்தீன் பைகள் வேண்டாம்.

மூன்று பஸ் உரிமையாளர்களிடம் கட்டணம் கேட்டிருக்கிறோம். குறைந்த தொகையைப் பார்த்து அல்ல, இரண்டு சாரதிகளை அனுப்புபவரையே தெரிவு செய்வோம். பணத்தை இரு தவணைகளில், தோட்டச் சம்பள நாளுக்குப் பின்னர் செலுத்தலாம். வசதியில்லாத காரணத்தால் எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது; அத்தகையோர் என்னைத் தனியே சந்தியுங்கள், வகுப்பில் எவருக்கும் தெரியவராது.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. இணைத்துள்ள படிவத்தில் ஒப்பமிட்டு, பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை போன்றவை இருந்தால் மறைக்காமல் குறிப்பிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
அதிபர்