இரண்டு அம்மாக்கள், ஒரு குழாய்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்.

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. பேரனுக்கு ஏழு மாதம் நடக்கிறது. மகள் போன மாதத்திலிருந்து வேலைக்குப் போகிறாள். காலையில் ஏழு மணிக்குத் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே கிண்டி. போவதற்கு முன்னால் பாலைப் பீய்ச்சிச் சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் மணி எழுதி ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறாள். "பால்குடிப் புள்ளைய விட்டுட்டு எப்படித்தான் மனசு வருதோ" என்று அவள் மாமியார் என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருமே, பெற்றவள் போட்டுவிட்டுப் போன குழந்தைக்கு ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காக்கும். சாத்தனார் அந்தப் பசுவைக் கொண்டாடுகிறார். இங்கே பெற்றவளே பாலைக் கொடுத்துவிட்டுப் போகிறாள், கையில் ஏந்தி ஊட்டுகிறது மட்டும்தான் நான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

அம்மாவுக்கு எண்பத்திரண்டு. கால் வீக்கம் வடியவே இல்லை. ஆனால் காது மட்டும் அப்படியே இருக்கிறது, தெருமுனையில் தண்ணி லாரி திரும்புகிற சத்தம் எனக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் கூட்டத்தில் "கதைகளில் தாய்" என்று பேசப் போவதாகவும், 'அக்கினிப் பிரவேச'த்தில் வரும் அம்மாவை நல்ல தாய் என்றும், 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் வரும் அம்மாவைக் கெட்ட தாய் என்றும் பிரித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். இது சரியா என்று என்னையும் கேட்டிருந்தாய். சரியில்லை, வசந்தா. தயவுசெய்து அப்படிப் பேசாதே. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை 1966ல் ஆனந்த விகடனில் எழுதினார். மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண் யாருடைய காரிலோ ஏறுகிறாள், கெட்டுப்போனேன் என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறாள். அம்மா முதலில் அடிக்கத்தான் அடிக்கிறாள். அக்கம்பக்கத்திலிருந்து குரல் கேட்டதும், மழையில் நனைந்துகொண்டு வந்துவிட்டாள், அதற்குத்தான் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு பெண்ணை உட்கார வைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள் என்கிறாள். அந்தப் பெண் இன்னும் அவன் கொடுத்த சூயிங்கத்தை மென்றுகொண்டிருப்பாள், அம்மா அதைத் துப்பச் சொல்வாள். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். தண்ணீரும் நெருப்பும் பெரிய குறியீடுகள், யார் வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லிவிடலாம். துப்பியெறிந்த அந்தச் சூயிங்கத்தைப் பிடித்தவர்தான் எழுத்தாளர்.

பிறகு அவரே அதே பெண்ணுக்கு வேறோர் அம்மாவைக் கொடுத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972ல் அதற்குத்தான் சாகித்திய அகாதமி பரிசு. நாவலில் அம்மா கனகம் கத்திவிடுகிறாள். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல வருஷம் கழித்து அந்தப் பெண் ஒரு பத்திரிகையில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையைப் படிக்கிறாள். தனக்கு நடந்ததே நடந்த ஒருத்திக்குத் தனக்குக் கிடைக்காத அம்மா கிடைத்திருப்பதைப் படிக்கிறாள். அவளுக்கு அவர் வைத்த பெயரையும் பார், கங்கா. கங்கை என்று பெயர் வைத்துவிட்டு, தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்டுவிட்டார்.

நாற்பத்தைந்து வருஷம் நானும் கங்காவாகத்தான் இருந்தேன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் கூடத்தானே இருந்தாய். 1980, ஐப்பசி மழை. பத்தாவது படிக்கிற இரண்டு பெண்கள் ஸ்கூலுக்குப் போகாமல் அகஸ்தியாவில் மேட்னி பார்த்துவிட்டு வெளியே வந்தால் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. அதை யாரோ பார்த்துவிட்டார்கள். நீ ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள் போனதும் உங்கள் அம்மா கதவைச் சாத்திவிட்டு, தலையைத் துவட்டி, சூடாக டீ போட்டுக் கொடுத்தாராம். எதிர்வீட்டு அம்மாள் கேட்டதற்கு, "நான்தான் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்" என்றாராம். மறுநாள் நீ ஸ்கூலுக்கு வந்துவிட்டாய்.

எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். அடிபம்பு பக்கத்திலேயே என் சடையைப் பிடித்து இழுத்து அம்மா போட்ட கூச்சல், எட்டுக் குடித்தனமும் வாசலில் நின்று பார்த்தது, மாமா வந்து புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டது. அந்த வருஷம் என் படிப்பு நின்றது. அப்புறம் பிரைவேட்டாக எழுதிப் பாஸ் செய்தாலும் உன்னோடு சேர்ந்து டீச்சர் டிரெயினிங் போக முடியவில்லை. அம்மாவை அதற்காக மன்னிக்கவே இல்லை. அவளுக்கு சோறு போட்டேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், ஆனால் மன்னிக்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு மத்தியானம் அந்தச் சிறுகதையை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கதை கேட்பாள். உள்ளுக்குள் ஒரு வீம்போடுதான் படித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பார், அம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்:

"தண்ணி எங்கேர்ந்து எத்தாந்தா? கொழா வூட்டுக்குள்ளாறயே இருந்திச்சா?"

"வீட்டோடதாம்மா ஊத்துறா" என்றேன்.

"அப்ப சரி. நம்பளுக்கு எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு பம்பு. உன்னிய எங்க ஒக்கார வெச்சு ஊத்தறது? நீ தெருமொனையில வரச்சொல்லவே பம்பாண்ட எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. நான் கத்தலைன்னா, ஆத்தாக்காரியே வுட்டுட்டா பாருன்னு சொல்லுவாளுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

வசந்தா, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதையை நான் எத்தனை தடவை படித்திருக்கிறேன்! தண்ணீரைப் பார்த்தேன், நெருப்பைப் பார்த்தேன், அகலிகையைப் பார்த்தேன். அம்மா கேட்ட கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தண்ணீர் ஊற்ற முதலில் ஒரு மறைவு வேண்டும். கதையில் அந்த மறைவைக் கட்டுவது அம்மா சொல்கிற பொய்தான். செங்கலும் சுண்ணாம்பும் இல்லாத இடத்தில் அவள் வார்த்தையாலே ஒரு சுவர் எழுப்புகிறாள். உங்கள் அம்மாவும் அதைத்தான் செய்தார், அவருக்குக் கூடவே சாத்துவதற்கு ஒரு கதவும் இருந்தது. கனகத்துக்கும் என் அம்மாவுக்கும் அந்தப் பொய் வருவதற்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. என் படிப்பு போனது போனதுதான், அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை வைத்து அவளுக்குப் பாசம் குறைச்சல் என்று இத்தனை வருஷம் நான் போட்ட கணக்கு தப்பு.

பொட்டைப் பிள்ளையைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்வோமே, அந்த நெருப்புதான் அன்றைக்கு அடிபம்பின் பக்கம் கூச்சலாக வந்தது. போன மாதம் திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போயிருந்தேன். கடல் காற்றில் நிற்கும்போது அந்தப் பாட்டு தானாக வந்தது, "அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே". பச்சை வாழை மட்டையை அடுக்கி அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது பாடியது என்பார்கள். முப்புரத்தில் வைத்த தீ, இலங்கையில் வைத்த தீ இரண்டுக்கும் அடுத்து, சரிசமமாகத் தாயின் தீயை வைக்கிறார் பார். சின்ன வயதில் அதைப் பசி என்று நினைத்திருந்தேன். இப்போது அதில் பயமும் கேட்கிறது.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையையும் உன் பேச்சில் சேர்த்துக்கொள். அங்கேயும் நெருப்புதான். தீ வெளிச்சத்தில் தேவதை மாதிரி தெரிந்த அம்மா, மகள் பெரியவளான நேரத்தில் ஊரில் இல்லை. சொந்தக்காரப் பெண் ஒருத்தியைக் கறுப்பென்று பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்ட ஆத்திரத்தோடு திரும்பி வந்து, ஒரே வாக்கியத்தில் அந்தக் கறுத்த மகளைச் சுட்டுவிடுகிறாள். வெளிச்சமாக இருந்ததே சுடவும் செய்கிறது. தேவதை அம்மா ஒருத்தி, கொலைகார அம்மா வேறொருத்தி என்று அம்பை எழுதவில்லை.

'அம்மா வந்தா'ளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை, அது எனக்கு ஆச்சரியம். கணவன் இருக்கும்போதே வேறொருவனோடு உறவு வைத்த அந்த அம்மாவை, அலங்காரத்தை, உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் தி. ஜானகிராமன் அங்கே தண்ணீரைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். ஜெயகாந்தன் கதையில் அம்மா மகளைக் கழுவுகிறாள். அலங்காரமோ மகன் தன்னைக் கழுவ வேண்டும் என்று காத்திருக்கிறாள். அதற்காகவே அப்புவை வேதம் படிக்கக் காவிரிக்கரைக்கு அனுப்புகிறாள், ரிஷியாகத் திரும்பி வருவான், அவன் காலில் விழுந்து பாவத்தைப் பொசுக்கிக்கொள்ளலாம் என்று. அங்கே அவனை வளர்ப்பது பவானியம்மாள். அவள் அவனிடம் இப்படி எதையும் எதிர்பார்க்காமல் சோறு போடுகிறாள். பெற்றவள் பிள்ளையிடம் வரம் கேட்கிறாள், வளர்த்தவள் பிள்ளைக்குப் பசிக்கிறதா என்று பார்க்கிறாள். பழைய அகப்பாட்டில் பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலி என்றும் இரண்டு பேராகவே பிரித்து வைத்தார்களே, அந்த ஞாபகம் எனக்கு வருகிறது. உடன்போன பெண்ணைத் தேடிக் கொதிக்கிற பாலையில் நடப்பவள் கலித்தொகையில் செவிலிதான், வழியில் வருகிற அந்தணர்களைப் பார்த்து என் மகளைக் கண்டீர்களா என்று கேட்பவளும் அவள்தான். அலங்காரம் கடைசியில் காசிக்குப் போய்விடுகிறாள். மகன் கங்கையாகவில்லை, அதனால் கங்கையிடமே போகிறாள். இவளைக் கெட்டவள் என்று சொல்லி முடித்துவிட்டால், மகனிடம் மன்னிப்புக் கேட்கவே ஒருத்தி அவனை வேதம் படிக்க அனுப்பினாள் என்கிற பெரிய சோகம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அதனால் என் வேண்டுகோள் இது. கூட்டத்தில் நல்ல தாய், கெட்ட தாய் என்று இரண்டு பெட்டி போடாதே. அந்த அம்மாவுக்குக் குழாய் எங்கே இருந்தது என்று கேட்கச் சொல். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என் அம்மா மாதிரிதான் அம்மா இருந்திருப்பாள்.

எங்கள் பழைய காம்பவுண்டு இன்னும் இடியவில்லை. அடிபம்பு துருப்பிடித்து, கைப்பிடி இல்லாமல் நிற்கிறது. மாடியில் வரிசையாகக் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகள், வீட்டுக்கு ஒன்று. அம்மாவை இப்போது பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து நான்தான் குளிப்பாட்டுகிறேன். கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்பாள், வீட்டில் யாரும் இல்லாதபோதும்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், இத்தனை வருஷம் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கதவைச் சாத்தின பிறகு உங்கள் அம்மா உன்னிடம் என்ன சொன்னார்? டீ கொடுத்தார் என்று மட்டும்தான் சொன்னாய். மற்றதையும் எழுது.

பேரன் சிணுங்குகிறான், நாலு மணி என்று ஒட்டிய பாட்டிலை எடுத்து வெந்நீரில் வைக்கவேண்டும். அம்மா உன்னை விசாரித்தாள்.

என்றும் உன்,
அமுதா