மீட்பு மையத்தில் சேரும் நாளிலேயே கிரியேட்டினின் பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும் போதை மீட்பு மையங்களை நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. சில மாதங்களுக்கு முன் 22 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். டேபெண்டடால் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசி போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் விடிய விடிய ஒருக்களித்தபடி மயங்கிக் கிடந்திருக்கிறான். அடியில் மாட்டிய கையும் தொடையும் கல் மாதிரி வீங்கியிருந்தன. யூரின் பையில் இறங்கியது கொஞ்சம்தான், அதுவும் டிகாக்‌ஷன் நிறத்தில். "உடம்புச் சூடுதான் சிஸ்டர், இளநீர் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் அவன் அம்மா.

அந்த இளநீரை நான் கையில் வாங்கி ஓரமாக வைத்தேன். மணிக்கணக்கில் நசுங்கிய தசை சிதைந்து, அதிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகக் குழாய்களை அடைத்திருந்தது. கூடவே பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறியிருந்தது. அந்த நிலையில் பொட்டாசியம் நிறைந்த இளநீர் இதயத்துடிப்பையே நிறுத்திவிடலாம். ஆறு டயாலிசிஸ் ஆனது. பிழைத்துக்கொண்டான்.

சிறுநீரகப் பாதிப்பு இப்படி ஒரே இரவில் வந்தால் யாராவது தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். சத்தமில்லாமல் வருவதை யார் பார்ப்பது? ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் பரவும் ஹெபடைடிஸ் சி, கல்லீரலோடு நிற்பதில்லை. சிறுநீரக வடிகட்டிகளையும் கெடுக்கிறது. ஊசி குத்திய இடத்துச் சீழிலிருந்து கிருமி இதய வால்வுக்குப் போய், அங்கிருந்தும் சிறுநீரகத்தைத் தாக்கலாம். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும்போதுதான் எங்களிடம் வருகிறார்கள்.

கஞ்சா விஷயத்தில் மிகைப்படுத்தாமல் பேசுவோம். அதைப் புகைத்தாலே கிட்னி போய்விடும் என்று மேடையில் சொல்கிறோம், அதற்கு உறுதியான சான்று இல்லை. பையன்களுக்கு இது தெரியும். அப்புறம் நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். நீண்ட நாள் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு ஓயாத வாந்தி வரும், வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படுவது அப்படித்தான். ரசாயனத்தில் தயாரிக்கும் செயற்கைக் கஞ்சா இன்னும் மோசம். 2012இல் அமெரிக்காவில் அதைப் புகைத்த 16 பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மையத்தில் சேரும் அன்றே கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ஹெபடைடிஸ் சி மூன்றையும் பாருங்கள். ஹெபடைடிஸ் சி-க்கு 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவச மாத்திரை இருக்கிறது. பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும். போதையில் மயங்கிக் கிடந்தவர் யாராக இருந்தாலும், அவசரப் பிரிவில் தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போதையை நிறுத்திய முதல் நாட்களில் உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலிக்கும். அதற்கு டைக்ளோஃபினாக் ஊசி போடும் பழக்கம் இருக்கிறது. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். அந்த ஊசியை எடுக்கும் முன்னாவது கிரியேட்டினின் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் செவிலியர்