சுலபமாக விசாரித்தாளாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 'மணமகள் கறுப்பு உடுத்தியிருந்தாள்' (1968) படத்தைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "கணவனைக் கொன்ற ஐந்து பேரையும் ஜூலி சுலபமாக விசாரித்துக் கண்டுபிடிக்கிறாள்." அந்தச் 'சுலபமாக'வைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

நான் 31 வருஷம் கோர்ட் அமீனாவாக இருந்தவன். சம்மனில் பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு எல்லாம் இருக்கும். அப்படியும் ஆள் கிடைக்கமாட்டான். ஒரு மளிகைக்கடைப் பாக்கி வழக்குக்காக ஒரே வீட்டுக்கு ஏழு நடை நடந்தேன். ஏழு தடவையும் அதே அம்மாள், "அவர் வெளியூர் போயிருக்கார் சார்" என்றார். திண்ணையில் அவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே யாரோ ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்கள். கடைசியில் கதவில் ஒட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டேன். பேனா எடுக்க உள்ளே போனவர் திரும்பவே இல்லை.

ஜூலியிடம் என்ன இருந்தது? கல்யாணம் முடிந்து மாதா கோவில் படியில் நிற்கும்போது எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு. எதிரே ஓர் அறையில் ஐந்து பேர் துப்பாக்கியை வைத்து விளையாடியிருக்கிறார்கள். வெடித்ததும் ஓடிப்போய், இனி சந்திப்பதில்லை என்று பேசிப் பிரிந்துவிட்டார்கள். அடுத்து பார்த்தால் அவள் நோட்டில் ஐந்து பெயரும் இருக்கின்றன! நடுவில் நடந்ததைப் பற்றிப் படம் வாயே திறப்பதில்லை. உங்கள் கட்டுரையாளர் தாமே ஒரு காட்சி எடுத்து ஒட்டிவிட்டார்.

படத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த ஐவரில் ஒருவனான மொரானின் வீட்டில் நடப்பதை அப்படியே நம்புகிறேன். பொய்த் தந்தியால் மனைவியை அவளுடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனின் டீச்சர் என்று உள்ளே வந்து, பையனோடு கண்ணாமூச்சி ஆடி, அப்புறம் மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில் அந்த ஆளைப் பூட்டி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டுகிறாள். வீட்டுக்குள் நுழையத் தெரிந்தவள்தான். ஆனால் எந்த வீடு என்று முதலில் தெரிய வேண்டாமா?

கதையில் நம்பகத்தன்மையைத் தோண்டுகிறவர்கள் என்றாலே திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்குக்கு ஆகாது. அவரை உட்காரவைத்துப் பேட்டி கண்டு புத்தகம் போட்டவர் த்ரூஃபோ. தாங்கள் அறியாததல்ல. ஆக, வேண்டுமென்றே விட்டிருப்பார். சரி, அப்படியென்று எழுதட்டுமே! இதே கட்டுரையாளர்தான் போன வருஷம், ஒரு தமிழ்ப் பட நாயகனுக்கு வில்லனின் பங்களா எப்படித் தெரிந்தது என்று அரைப் பக்கம் நக்கலடித்தார். காதில் பூ என்றுகூட எழுதினார். பிரெஞ்சுப் பூ என்றால் மணக்கும் போலிருக்கிறது.

அப்புறம், ஜூலியாக நடித்த நடிகையின் பெயர் 'ஜீன் மோரியூ' அல்ல, ழான் மோரோ. பாண்டிச்சேரியில் பிறந்த என் மனைவி, "இது யாருங்க புதுசா?" என்று கேட்டாள். இந்தப் பெயர்க் குளறுபடிகளைப் பற்றி இரண்டு வருஷம் முன்பே நான்கு பக்கம் எழுதினேன். மூன்று வரி போட்டீர்கள். மூன்றும் உங்களைப் பாராட்டிய வரிகள்.

படத்தின் முடிவையும் கட்டுரையாளர் முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டதால் நானும் சொல்கிறேன்: கடைசி ஆள் ஜெயிலில் இருக்கிறான். எங்கள் தொழிலில் அவனைப் போலக் கிடைப்பவன் கிடையாது. அவன் ஒருவனுக்கு வேண்டுமானால் 'சுலபமாக' இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற நான்கு பேர் விஷயத்தில் அந்தச் சொல்லை நீக்கி வாசிக்கவும் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அமீனா,
கும்பகோணம்.