ஃபைபர் கம்பி தோட்டத்து முகப்பில் நின்றுவிடக் கூடாது

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பினாங்கின் தென் செபராங் பிறை மாவட்டத்துச் செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டங்களில் டிரஸ்ஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊரகப் பகுதிகளுக்கான இணையத் திட்டங்களில், கிராம கிளினிக்கையும் தோட்டத்துக் கிளினிக்கையும் ஃபைபர் (ஒளியிழை) இணையக் கம்பி போய்ச் சேர வேண்டிய இடமாக எழுத்திலேயே குறிப்பிடுங்கள் என்றும், அந்தக் கம்பி சிகிச்சை அறைக்குள் வந்து சேரும்வரை அந்த வட்டாரத்தில் வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2020-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டெலா என்னும் அரசாங்க இணைய விரிவாக்கத் திட்டம், மக்கள் வசிக்கும் பகுதிகள் அனைத்துக்கும் 4ஜி சேவையைக் கொண்டுசேர்ப்பதை இலக்காக வைத்தது. அதனால் எங்கள் வட்டாரமும் பயன் பெற்றிருக்கிறது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால், ஒரு பகுதிக்கு அலைவரிசை கிடைப்பது வேறு, அங்குள்ள கிளினிக் அறைக்குள் அது கிடைப்பது வேறு. ஒரு கிராம கிளினிக்கில் நான் கண்ணால் கண்டது இது. இனிப்புநீர் (நீரிழிவு) நோயுள்ள ஒரு பாட்டியின் குதிகாலில் இருந்த புண்ணின் கட்டைத் தாதி பிரித்தார். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துத் தம் சொந்தக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். மருத்துவ அதிகாரிக்கு அந்தப் படம் போகவில்லை. ஜன்னலோரம் போய்ப் பார்த்தார், பிறகு வெளியே வேலியோரம் நின்று கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். அதுவரை அந்தப் பாட்டி திறந்த புண்ணோடு உள்ளே காத்திருந்தார்.

4ஜி கோபுரத்தின் திறனை அதைச் சுற்றியுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அடர்ந்த செம்பனை மட்டைகளும் கிளினிக் சுவர்களும் அதன் அலையை மேலும் நலிவடையச் செய்கின்றன. திரைப்படம் பார்ப்பவருக்குப் பதிவிறக்க வேகம் போதும். கிளினிக்குக்கோ படங்களை அனுப்பும் பதிவேற்ற வேகம்தான் உயிர். நெஞ்சு எக்ஸ்ரே படம் ஒன்றே பல மெகாபைட் கனம் உடையது. மருத்துவர் காணொளியில் நோயாளியின் மூச்சுத் திணறலைக் கவனிக்கும்போது படம் உறைந்து நின்றால் அந்த ஆலோசனையால் பயனில்லை. ஃபைபரில் கண்ணாடி இழை வழியே ஒளி செல்வதால், மழையோ மரமோ அதைத் தடுப்பதில்லை. வீடுகளுக்கு இணைப்புத் தர இன்று பரவலாகப் பயன்படும் ஜிபோன் முறையில், இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லாமலே, நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வரை இணைப்பைக் கொண்டுபோகலாம். மின்தடை வந்தாலும், கிளினிக் முனையிலுள்ள சிறு கருவிக்கு ஒரு பேட்டரி இருந்தால் அங்கே தொடர்பு அறுந்துபோகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு உள்ளவரின் விழித்திரையை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும், ஏனெனில் பார்வை மங்கும்வரை நோயாளிக்கு எதுவும் தெரியாமலே உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். இதற்காக ஒவ்வொருவரும் கண் நிபுணரிடம் நேரில் போக வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற தாதி எடுத்து அனுப்பும் விழித்திரைப் படத்தை நிபுணர் தம் இடத்திலிருந்தே பார்த்து, யாரை உடனே வரவழைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அந்த வசதி இல்லாதபோது நாள்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, வாடகைக் கார் பிடித்து, பாலம் கடந்து தீவிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலர் போவதில்லை என்பதை ஒரு டிரஸ்ஸராக நான் நன்கறிவேன்.

கைத்தொலைபேசிச் செயலிகளே போதும் என்று சொல்வோரின் கருத்தை நான் ஏற்கவில்லை. தனியே வசிக்கும் எழுபது வயது அம்மாவால் செயலியைத் திறந்து, கேமராவைத் தம் காலுக்கு நேராகப் பிடித்து, மருத்துவருக்குப் பதிலும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு தாதி இருந்து, இரத்த அழுத்தம் பார்த்து, புண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும்போதுதான் தொலைவில் இருக்கும் மருத்துவரின் அறிவு பயன்படும். ஆகவேதான் கம்பி முதலில் கிளினிக்குக்கு வர வேண்டும் என்கிறேன்.

தோட்டங்களுக்கு மட்டும் உள்ள ஒரு தடையை ஆணையம் தனியே கவனிக்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம் என்பதால், பொதுச் சாலைவரை வரும் கம்பி முகப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே கொண்டுபோக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், செலவை யார் ஏற்பது என்ற பேச்சிலேயே காலம் போய்விடுகிறது. தொழிலாளர்களின் வீட்டுவசதி, அடிப்படை வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தரும் பொறுப்பை முதலாளியிடம் வைத்திருக்கிறது. கிளினிக்குக்கான இணைய இணைப்பையும் அந்த வசதியின் பகுதியாகச் சேர்ப்பதற்கு மனிதவள அமைச்சோடு நீங்கள் பேச வேண்டும். பணத்துக்கும் வழி இருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைச் செலுத்தும் பொதுச்சேவை நிதி, வணிக லாபம் கிடைக்காத இடங்களுக்காகவே ஏற்படுத்தப்பட்டது.

கம்பி போடும் முறையிலும் தோட்டத்தை அறிந்தவர்களைக் கேளுங்கள். சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுநடவு வரும்போது மண்வாரி இயந்திரங்கள் நிலத்தைப் புரட்டிப்போடும். ஆகவே, மர வரிசைகளுக்கு நடுவே புதைக்காமல் உள்சாலை ஓரமாகவோ மின்கம்பங்கள் வழியாகவோ கொண்டுபோவது நல்லது. எலித் தொல்லை வேறு உண்டு. எலி பிடிப்பதற்கென்றே ஆந்தை வளர்க்கும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே உலோக உறையிட்ட கம்பியே தாங்கும். அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நம் நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டத்தை 1997-இலேயே நிறைவேற்றியது. 2023 ஜூனில் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்னியல் மருத்துவச் சேவையை வலியுறுத்துகிறது. கொள்கையளவில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை என்றே நம்புகிறேன்.

ஆகவே, முதற்படியாக மாவட்டவாரியாக எல்லாக் கிராம, தோட்டக் கிளினிக்குகளின் பட்டியலை வெளியிடுங்கள். ஃபைபர் வந்துவிட்டதா, சிகிச்சை அறைக்குள் அளந்த பதிவேற்ற வேகம் எவ்வளவு, வரவில்லையென்றால் எந்த மாதத்துக்குள் வரும் என்பவை அதில் இருக்கட்டும். நிபோங் திபால், சுங்கை பாக்காப் வட்டாரத்தில் அளவெடுக்க உங்கள் பொறியாளர்கள் வரும்போது, உள்சாலைகளும் வெள்ளம் ஏறும் பள்ளங்களும் தெரிந்த ஓய்வுபெற்ற தோட்டத்துப் பணியாளர்கள் சிலரோடு நானும் உடன்வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
தென் செபராங் பிறை, பினாங்கு