குறிச்சொல் எழுத எங்களுக்கும் இடம் கொடுங்கள்

ஏபிஐ பட்டியல் தளங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். அண்மையில் இரண்டு ஏபிஐ சேவைகளை, அதாவது ஒரு நிரல் கேட்டால் தகவல் தரும் இணையச் சேவைகளை, இணைக்க உட்கார்ந்தேன். முகவரி கொடுத்தால் ஒன்று அட்சரேகை, தீர்க்கரேகை தரும். அவற்றை வாங்கிக்கொண்டு மற்றது வானிலை சொல்லும். சென்னை முகவரியைக் கொடுத்தேன். வந்தது ஆர்க்டிக் கடலின் வெப்பநிலை. முதல் சேவை, இடத் தகவலை எழுதும் ஜியோஜேசன் என்ற வடிவத்தின் முறைப்படி தீர்க்கரேகையை முன்னால் வைக்கிறது. இரண்டாவது அட்சரேகையை முதலில் கேட்கிறது. 13, 80 என்று போகவேண்டியது 80, 13 என்று போயிருக்கிறது. கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. எனக்கு முன்பே இதே இடத்தில் பலர் இடறியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் ‘தீர்க்கரேகை முதலில்’ என்று இரண்டு சொல்லைக் குறிச்சொல்லாக எழுதிவைக்க உங்கள் பட்டியலில் இடமில்லை. அங்கே இருப்பதெல்லாம் ‘வரைபடம்’ என்ற ஒரே வகைதான்.

சேவையை உருவாக்கியவர் மட்டுமே அதை விவரிக்கும் முறை புதிதல்ல. இணையச் சேவைகளுக்கான யுடிடிஐ என்ற பொதுப் பதிவேடு 2000இல் அப்படித்தான் தொடங்கியது. அதை நடத்திவந்த ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், சாப் நிறுவனங்கள் மூன்றும் 2006 ஜனவரியில் அதை மூடிவிட்டன. ஆனால் 2007இல் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். கச்சேரிக்குப் போனவர், தான் எடுத்த படத்துக்கு ‘லாஸ்ட்எஃப்எம்:ஈவென்ட்=’ என்று போட்டு நிகழ்ச்சி எண்ணையும் சேர்ப்பார். லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத் தளம் அந்தப் படத்தைத் தேடி எடுத்து அதே கச்சேரியின் பக்கத்தில் காட்டும். இரண்டு நிறுவனங்களின் சேவைகளைச் சேர்த்தது, ஒரு ரசிகர் தட்டிய குறிச்சொல்!

அதைத்தான் கேட்கிறோம். ஒரு சேவை வாங்குவதை ‘உள்ளே:பின்கோடு’ என்றும், தருவதை ‘வெளியே:மாவட்டம்’ என்றும் நாங்கள் குறிக்க விடுங்கள். ஒன்றின் ‘வெளியே’ இன்னொன்றின் ‘உள்ளே’யோடு பொருந்தினால், இவை இரண்டும் சேரும் என்று தேடல் தானாகவே காட்டலாம்.

ஆளுக்கு ஆள் வேறு சொல் போடுவார்களே என்பீர்கள். சரிதான், ஒருவர் பின்கோடு என்பார், ஒருவர் அஞ்சல் குறியீடு என்பார். தட்டும்போதே ஏற்கெனவே உள்ள சொற்களை, எத்தனை முறை பயன்பட்டன என்ற எண்ணோடு காட்டுங்கள். பலர் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யாரும் எந்தக் குறிச்சொல்லும் இடலாம். அவற்றின் எண்ணிக்கையை டேக்இன்ஃபோ என்ற தளம் காட்டுகிறது. புதிதாக வருபவர் அதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க முடிகிறது.

அப்புறம் ஒன்று. ‘பதில் தாமதம்’ என்று பயனர் எழுதினால் அதை அழிக்கும் அதிகாரத்தைச் சேவையின் உரிமையாளருக்குக் கொடுத்துவிடாதீர்கள். மறுப்பிருந்தால் அவரும் பக்கத்திலேயே எழுதட்டும்.

நீங்கள் வசதி செய்து தந்தால், நான் தினமும் பயன்படுத்தும் சேவைகளுக்கு முதல் வாரமே குறிச்சொல் இட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பட்டியலை நம்பி வேலை பார்க்கும் ஒரு நிரலாளர்