புரட்டாசிக்கு ஒரு கடிதம், தைவானிலிருந்து

சின்ச்சு, தைவான்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவும் பிள்ளைகளும் நலமா? புரட்டாசி பிறந்தால் மெஸ்ஸில் பாதி இலைகூட விழாது, அந்த ஒரு மாதத்துக்கு என்ன போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊர் சைவக் கடையை நம்மூர் சைவக் கடை மாதிரி நினைக்காதீர்கள். நம் சைவச் சமையலுக்குக் கறியைப் பற்றிய நினைப்பே கிடையாது. சாம்பார், கூட்டு, பொரியல் என்று அதன் வழி தனி. இங்கே சமைக்கிறவர்களுக்குக் கறி தின்றவன் எதைத் தேடுவான் என்று தெரிந்திருக்கிறது. பல்லுக்குக் கொஞ்சம் வேலை, நாக்கில் நெய்ப்பு, சோற்றில் பிசையக் கெட்டியான சாறு. இந்த மூன்றையும் தட்டில் வைத்துவிடுகிறார்கள். எலும்பு உறிஞ்ச முடியாது என்ற குறை ஒன்றுதான் மிச்சம்.

கடைப் பலகையில் கோயில் ஸ்வஸ்திகா இருக்கும், அல்லது 'சூ' என்ற எழுத்து இருக்கும். மேலே மூன்று படுக்கைக் கோடுகளை ஒரு நெடுங்கோடு குத்தி இறங்கும், அடியில் நூல் கண்டு போல ஒரு வடிவம். சாயம் ஏற்றாத பட்டு என்பது அதன் பழைய பொருள். பல கடைகளில் நாமே அட்டைப் பெட்டியை நிரப்பித் தராசில் வைக்க வேண்டும், எடைக்குக் காசு. சோற்றுக்குத் தனிக் கணக்கு, சூப் பெரும்பாலும் இலவசம். பூசணி, சர்க்கரைவள்ளி, சாற்றில் மிதக்கும் டோஃபு (சோயாப்பாலைத் திரித்த கட்டி) எல்லாம் எடை ஏற்றும். கீரையும் பொரித்த சோயாப்பால் ஏடும் லேசு. இடுக்கியைத் தட்டின் ஓரத்தில் ஒரு தரம் தட்டிச் சாற்றை வடியவிட்டு எடுத்தால் பையிலும் மிச்சம், பெட்டியும் ஒழுகாது. மதியம் சீக்கிரம் போய்விட வேண்டும், ஒரு மணிக்கு மேல் நல்ல தட்டுகள் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும், கறி தின்கிறவர்களிலும் பலர் சைவம். அன்றைக்கு வரிசை நீளம். புரட்டாசியை நறுக்கி மாதம் இரண்டு நாளாகப் போட்டுவைத்த மாதிரி!

'கறி வேண்டாம்' என்று சாதாரணக் கடையில் சொன்னால் கறித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, பன்றிக் கொழுப்பில் வதக்கியதையே தருவார்கள். 'வோ ச்சி சூ', நான் சைவம் சாப்பிடுகிறேன், என்று சொன்னால்தான் விளங்கும். அத்தை எப்போதாவது வந்தால் உதவும்.

இங்கே பாக்கெட்டில் விற்கிற சைவப் பண்டத்தை ஐந்து வகையாகப் பிரித்து அச்சிட வேண்டும் என்று 2009இல் விதி கொண்டுவந்தார்கள். சுத்த சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, கடைசியாக 'ஐந்து காரம்' சேர்ந்தது. ஐந்து காரம் என்றால் வெங்காயத்தாள், பூண்டு என்று அந்த இனத்தில் நான்கு, அவற்றோடு ஐந்தாவதாக நம் பெருங்காயம். நம்மூரில் பூண்டு சேர்க்காத வீட்டில்தானே பெருங்காயம் கமகமக்கும்? இங்கே பூண்டுக்கும் அதற்கும் ஒரே கூண்டு. நம் சாம்பாரை இந்த ஊர்த் துறவிக்கு ஊற்ற முடியாது. பூண்டு விட்டுப்போன இடத்தை நிரப்ப, காய்ந்த காளான் ஊறிய நீர், நிறைய இஞ்சி, வெள்ளை மிளகு, பிறகு வேம்புக் குடும்பத்து மரம் ஒன்றின் இளங்கொழுந்தை உப்பும் எண்ணெயும் போட்டு அரைத்த விழுது. அந்த விழுதில் கிளறிய சோற்றுக்கு ஊறுகாய்கூட வேண்டியதில்லை.

இனி உங்களுக்கு வேண்டிய விஷயம், மைதாவை அலசி எடுக்கிற நார். இதன் பெயர் மியென் ஜின், 'மாவின் தசைநார்' என்று அர்த்தம். போதிதர்மர் போய்ப் பார்த்ததாகக் கதை சொல்கிற சீனத்து லியாங் வம்ச அரசன் வூ (ஆண்டது 502–549), பலி மிருகத்துக்குப் பதிலாக மாவில் உருவம் செய்து படைக்கச் சொன்னவன். நாம் பூசணிக்காய் உடைக்கிறோமே, அந்த மாதிரி. இதை முதலில் செய்ததும் அவன்தான் என்பார்கள், அது கதையாகவே இருக்கட்டும்.

மைதா 1 கிலோ, உப்பு 2 தேக்கரண்டி, தண்ணீர் 550 முதல் 600 மில்லி. பரோட்டா மாவுக்கு ஊற்றுகிற எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது, ஊற்றினால் நார் பிடிக்காது. பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, உருண்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டு உடனே அலசினால் மாவு கரைந்தே போகும். பிறகு அகலமான பாத்திரத்தில், அதே தண்ணீருக்குள் வைத்துப் பிழியவேண்டும். குழாயைத் திறந்து நேராகக் காட்டக் கூடாது. தண்ணீர் பாலாகும், மாற்றுங்கள். இரண்டாவது மூன்றாவது தண்ணீரில் உருண்டை உதிர்ந்து கையை விட்டுப் போகிற மாதிரி தெரியும். பலரும் தோற்றுப்போய்க் கொட்டுவது அங்கேதான். வடிகட்டியில் அள்ளிச் சேர்த்துப் பிசைந்தால் மறுபடி ஒன்றாகிவிடும். ஐந்தாறு தண்ணீருக்குப் பிறகு அரிசி கழுநீர் அளவுக்குத் தெளியும். கையில் கால் கிலோவுக்குச் சற்று மேல், ரப்பர் மாதிரி நிற்கும். கோதுமை மாவில் முயல வேண்டாம், தவிடு நாரை அறுத்துவிடும்.

அந்தப் பாலைக் கொட்டிவிடாதீர்கள். நம்மூரில் கோதுமைப் பால் எடுத்து அல்வா கிண்டிவிட்டுச் சக்கையை எறிகிறோம். இவர்கள் சக்கைக்குள் இருக்கிற நாரைத்தான் தின்கிறார்கள்! நாலு மணி நேரம் தெளியவைத்து மேல்நீரை இறுத்தால், அடியில் நிற்பது உங்கள் அல்வாவுக்கு.

நாரை இருபது நிமிடம் மூடிவைத்த பின், உள்ளங்கை அளவு துண்டாக்கி, உப்பு, இஞ்சி, பட்டை, கிராம்பு போட்ட நீரில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். அதற்குச் சொந்த ருசி கிடையாது, ருசி ஏறுவது இந்த நீரில்தான். தீ முக்கியம். தளதளவென்று கொதித்தால் ஊதிப் பஞ்சாகி, மென்றால் சவசவ என்றிருக்கும். மெல்லக் குமிழி விடுகிற சூட்டில் வைத்தால் கடிக்கக் கறி மாதிரி இழுபடும். அதே நீரில் ஆறவிட்டு, பிழிந்து, கையால் பிய்க்கவேண்டும். கத்தி போட்டால் வழவழவென்று வெட்டுப்பட்டு மசாலா ஒட்டாது. ஓரம் சிவக்க எண்ணெயில் வாட்டி, உங்கள் மிளகுக் கறி மசாலாவில் புரட்டி எடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது, பலகையில் எழுதிவிடுங்கள்.

அவ்வளவு பாடு வேண்டாம் என்றால் டோஃபு. கெட்டியான டோஃபுவைத் துண்டாக்கி இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் உருகவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அழுத்திப் பிழியுங்கள். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். பிழியாமல் போட்டால் அதன் தண்ணீர் இறங்கிக் குழம்பு நீர்த்துவிடும்.

சிப்பிக் காளானை எண்ணெய் இல்லாத வாணலியில் முதலில் வதக்குங்கள். தண்ணீர் விட்டு, அது வற்றி, ஓரம் பழுப்பான பிறகுதான் எண்ணெயும் உப்பும். இங்கே நல்லெண்ணெய், சோயா சாறு, அரிசி மது மூன்றும் சேர்த்து, 'மூன்று கோப்பை' என்ற பெயரில் துளசி இன இலை போட்டு இறக்குவார்கள். இவர்கள் எண்ணெய் எள்ளைக் கருக வறுத்து ஆட்டியது, பெருந்தீயில் கசந்துவிடும். நம் செக்கு எண்ணெய் தாங்கும்.

கடற்பாசித் தாளைத் தோலாக ஒட்டிப் பொரிக்கும் 'சைவ மீன்' பக்கம் மட்டும் போக வேண்டாம். பாசியால் கடல் வாசம் வந்துவிடுகிறது, உள்ளே செதில்செதிலாகப் பிரியும் சதைக்கு என்ன செய்வது? ஆனால் காய்ந்த காளானின் காம்பை ஊறவைத்து நார்நாராகப் பிய்த்து 'ஆட்டுக்கறி' என்று சூப்பில் போடுகிறார்களே, அதை நீங்கள் ஒரு வாய் பார்க்கவேண்டும். காய்ந்த காம்பு ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த பார்சலில் வரும். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அடியில் மரம் மாதிரி இருக்கும் முனையை நறுக்கி எறிந்துவிட்டுப் பிய்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுங்கள்.

மியென் ஜினை முதல் நாளே இலையில் வைக்க வேண்டாம். கடைப் பையன்களுக்கு ஒரு வேளை போட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்